கேமராவை அணைக்காதவள்

கனமழை என்று கலெக்டர் விடுமுறை அறிவித்தால் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது எனக்கு மட்டும் அந்த அறிவிப்பு பிடிக்காது. மழை விடுமுறை என்றால் அன்று மதியம் ஆன்லைன் வகுப்பு உண்டு. அதை நடத்த வேண்டியவள் நான்.

நான் ஆசிரியை இல்லை. பி.காம். மாணவி, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் கொஞ்சம் வேலை தெரிந்த மாணவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பேராசிரியை ஒருநாள் வகுப்பில் வந்து நின்று, எக்செல் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டார். நான் பெஞ்சுக்கு அடியில் பேனா தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த தோழி சும்மா இருந்திருக்கலாம். என் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள்.

"மேம், இவ லீவுல ஜெராக்ஸ் கடையில வேல செஞ்சவ. எல்லாம் தெரியும் இவளுக்கு."

தெரியும் என்பது பொய்யில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தட்டச்சு செய்து கொடுத்துக் கற்றுக்கொண்டதுதான். ஆனால் தெரிவது வேறு, நாலு பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தே வாயைத் திறப்பது வேறு. நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கப் பயம். சுற்றுலா வேன் ஓட்டும் என் அப்பா, "இவளுக்கு சாமி கண்ணத் தொறந்து பாத்தாகூட காய்ச்ச வந்துரும்" என்று வண்டியில் வரும் வெளியூர்க்காரர்களிடமே என்னைக் கேலி செய்வார்.

எங்கள் கல்லூரியில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். தாமல், திருப்புட்குழி, மாகறல் என்று ஆளுக்கொரு திசை. சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டு யாரும் எக்செல் கற்றுக்கொள்ள உட்காரமாட்டார்கள். அதனால்தான் வீடியோ மீட்டிங்கில் வகுப்பு நடத்தலாம் என்று முடிவானது. சனிக்கிழமைகளில் ஒன்று, மழை விடுமுறை வந்தால் கூடுதலாக ஒன்று.

முதல் வகுப்பு இன்னும் நினைவிருக்கிறது. கோயில் மதிலை ஒட்டிய சந்தில், மாடி போர்ஷன் எங்களுடையது. அரசு கொடுத்த லேப்டாப்பை அரிசி டிரம்மின் மேல் வைத்து, முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மீட்டிங் திறந்ததும் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். எல்லாரும் கேமராவை அணைத்து வைத்திருந்தார்கள். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் பெயரின் முதல் எழுத்து.

"மிஸ்ஸு வந்துட்டாங்கபா, எல்லாரும் எழுந்து நில்லுங்க," என்று ஒரு கட்டம் பேசியது. நாலைந்து கட்டங்கள் சிரித்தன. யார் சிரித்தது என்றுகூடத் தெரியவில்லை. பாழுங்கிணற்றை எட்டிப் பார்த்துப் பேசுவதுபோல இருந்தது எனக்கு. ஓடிவிடலாமா, கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கடைசி வரிசையில் ஒரு முகம் தெரிந்தது.

ஒரே ஒரு பெண் கேமராவை அணைக்காமல் இருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, சாயம் போன சுடிதார், பெரிய கண்கள். தெரியாமல் விட்டுவிட்டாள் போல என்று நினைத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் அவளுக்கு மட்டும் சாட்டில் எழுதினேன்: "உன் கேமரா ஆன்ல இருக்கு."

பதில் வந்தது. "தெரியும்பா. மூஞ்சே இல்லாதவங்ககிட்ட பேசினா உனக்குக் கஷ்டமா இருக்கும் இல்ல. அதான்."

அன்றைக்கு நான் வகுப்பு எடுத்தது அவளுக்குத்தான். மற்றவர்கள் ஓசியில் கேட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அவளுக்குப் புரிந்தால் தலையை ஆட்டுவாள், புரியாவிட்டால் புருவத்தைச் சுருக்குவாள். சுருக்கினால் மறுபடி சொல்வேன். அவள் ஹிஸ்டரி டிபார்ட்மென்ட், நான் காமர்ஸ். ஒரே கல்லூரியில் படித்தும் நேரில் பார்த்ததில்லை. மைக்கில் அவள் பேசியதும் இல்லை. கேள்வி இருந்தால் சாட்டில் எழுதுவாள், அதுவும் எனக்கு மட்டும். வாரங்கள் போகப் போக அந்த முகம் இல்லாமல் என்னால் வகுப்பைத் தொடங்க முடியாது என்றாகிவிட்டது. அவள் உள்ளே வரத் தாமதமானால் நெட்வொர்க் சரியில்லை என்று சாக்குச் சொல்லிக் காத்திருப்பேன்.

மாகறல் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. வீட்டில் குழித்தறி. நெய்கிறவர் தரை மட்டத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, அடியில் இருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துவார். எங்கள் ஊர்ப்பக்கம் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் பாவு நூலில் ஈரம் ஏறும், குழியிலும் நீர் சுரக்கும். தறியை நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்ற தறிதான் அவளுக்குப் படிக்கும் மேசை. குழி அடியில் சாக்கை மடித்துப் போட்டு, கால்களை உள்ளே தொங்கவிட்டு, முன்னால் இருக்கும் மரத்தில் நோட்டை வைத்துக்கொள்வாள். போனை எதிரே தறியின் குறுக்குச் சட்டத்தில் நூலால் கட்டிவிடுவாள். ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழும். அவளுக்குப் பின்னால் தரையும், மூலையில் ஒரு சாக்குக் குவியலும், கொல்லைப்பக்கக் கதவும் தெரியும்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யோசிக்கும்போது கால் தானாக மிதியை அழுத்திவிடும். சின்ன வயதிலிருந்து தறியில் உட்கார்ந்த கால் சும்மா இருக்காது போலிருக்கிறது. மிதியை அழுத்தினால் தறி அசையும், தறி அசைந்தால் அதில் கட்டிய போனும் ஆடும். அவள் முகம் ஊஞ்சலில் போவதுபோல மேலும் கீழும் போய்வரும். சரி, யோசிக்கிறாள், கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம் என்று நான் நிறுத்திக்கொள்வேன்.

இப்போது அந்த மழை நாளுக்கு வருகிறேன்.

நாள் கணக்கில் விடாமல் பெய்துகொண்டிருந்தது. தாமல் ஏரி நிரம்பிவிட்டது, கலங்கலில் உபரி நீர் வழிகிறது என்று டி.வி.யில் காட்டினார்கள். மதியமே சாயங்காலம்போல இருட்டிக் கிடந்தது. எங்கள் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்பதால் மழைச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். அன்றைய பாடம் வரிசைப்படுத்துவது. பாதிப் பேர் பஸ் பிள்ளைகள் என்பதால் உதாரணத்துக்கு பஸ் நேரங்களையே எக்செல்லில் போட்டு வைத்திருந்தேன். எந்த ஊர் பஸ், எத்தனை மணிக்கு, எந்த வழி. அதை ஏறுவரிசையில் மாற்றுவது எப்படி, ஒரு ஊர் பஸ்ஸை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி. அவர்கள் திரையில் என் எக்செல்லும் ஓரத்தில் என் முகமும் தெரியும், என் திரையின் ஓரத்தில் சின்னதாக அவள் முகம் தெரியும்.

"நேரம் இருக்கற பத்திய மட்டும் செலக்ட் பண்ணி வரிசைப்படுத்தினா இன்னா ஆகும்? செய்யாறு பஸ் நேரம் அரக்கோணத்துக்குப் போயிடும். நீங்க பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினே இருக்க வேண்டியதுதான்," என்றேன். யாரோ சிரித்தார்கள். நான் சொன்ன நகைச்சுவைக்கு அந்தக் கூட்டத்தில் கிடைத்த முதல் சிரிப்பு அது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்போதுதான் அவள் படத்தில், சாக்குக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. நெட் மோசமாக இருக்கும் நேரத்தில் படம் பிசிறடித்து இப்படிக் கோடுகள் ஓடுவது சகஜம். அதுதான் என்று நினைத்துப் பேசிக்கொண்டே இருந்தேன். படம் தெளிந்தது. கோடு போகவில்லை. அது தலையைத் தூக்கியது.

பாம்பு. நல்ல நீளம். சாக்கிலிருந்து இறங்கி, ஈரத்தரையில், அவசரமே இல்லாமல் அவள் முதுகை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் புருவத்தைச் சுருக்கி என் பஸ் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கணத்திலேயே கண் முன்னால் வந்தது. குழிக்குள் காலைத் தொங்கவிட்டவளால் துள்ளி எழ முடியாது. இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைத் தூக்கி, காலை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். பதறித் திரும்பினால் கை போய் அதன் மேல்தான் விழும். அதற்குள் சாட்டில் யாரோ "பாம்பு பாம்பு" என்று எழுதிவிட்டார்கள். ஒரு கட்டத்தின் மைக் திறந்து "ஐய்..." என்று ஒரு குரல் கிளம்பியது.

என் கை என்ன செய்தது என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. அனைவரின் மைக்கையும் மூடினேன். மறுபடி யாரும் திறக்க முடியாதபடி பூட்டினேன். சாட்டையும் பூட்டினேன். மீட்டிங்கை நடத்துகிறவருக்கு இந்த அதிகாரமெல்லாம் உண்டு என்று தெரியும். பயத்தில் ஒருநாளும் அவற்றைத் தொட்டதில்லை. இரண்டு மூன்று அழுத்தில் அத்தனை பேர் வாயும் அடைந்துபோனது. ஹெட்போனில் பொட்டுச் சத்தம் இல்லை.

பாம்பு குழியின் விளிம்புக்கு வந்தது. அவள் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றது. பிறகு தலையைக் குழிக்குள் இறக்கியது. தலைக்குப் பின்னால் உடம்பு, உடம்புக்குப் பின்னால் வால் என்று முழுசும் உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு படத்தில் ஒன்றுமே இல்லை. முதல் நாள் பார்த்த அதே முகம், அதே தரை, அதே கதவு. பாம்பு கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் இருந்த பயம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

நான் பேச ஆரம்பித்தேன். குரல் எப்படியோ நிதானமாக வந்தது.

"இப்ப யாரும் எதையும் தொடாதீங்க. நான் செய்யறத மட்டும் பாருங்க. கைய, கால, எதையும் ஆட்டாம, அப்படியே உக்காந்து பாருங்க."

எக்செல் பாடத்தில் காலை ஆட்டாதே என்று எந்த வாத்தியாரும் சொல்லியிருக்கமாட்டார். அவள் புருவம் இன்னும் சுருங்கியது. படம் லேசாக ஆடியது.

மிதியை அழுத்துகிறாள். யோசிக்கிறாள்!

"யோசிக்காதீங்க!" என்று சொல்லிவிட்டேன். "யோசிக்கவே வேணாம். ஒண்ணுமே கஷ்டமில்ல இதுல. சும்மா பாத்தா போதும்."

ஆட்டம் நின்றது. மடியில் இருந்த என் போன் அதிர்ந்தது. என் கையைத் தூக்கிவிட்ட அதே தோழிதான், வாட்ஸாப்பில். மீட்டிங்கில் அவளும் ஒரு கறுப்புக் கட்டமாக இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "அவ வீட்டு நம்பர் யார்கிட்டயும் இல்ல. அவளுக்கே போன் போடட்டா?"

இடது கையால் அடித்தேன்: "வேணாம். போடாத. ரிங் அடிச்சா துள்ளிடுவா."

"அப்ப அவ அப்பா?"

"தேடு. மாகறல் பஸ்ல வர்றவங்க யாரையாவது புடி."

வாயால் செய்யாறு பஸ், கையால் இது. எப்படி இரண்டையும் செய்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. அவளுக்குச் சொல்வதா, சொல்லாமல் விடுவதா? சொன்னால் பயந்து காலை உதறுவாள். சொல்லாவிட்டால் அடுத்த சந்தேகம் வரும்போது மிதியை அழுத்துவாள். இரண்டில் எது அவளைக் கொல்லும் என்று தெரியாமல் நான் ஏறுவரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சாமியைக் கும்பிடலாம் என்றால் அதற்கும் வாய் ஓய்வாக இல்லை.

அப்போது அவள் கட்டத்தின் மூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் கை முளைத்தது. கேள்வி கேட்க வேண்டுமென்றால் அழுத்துகிற கை. சாட்டை நான் பூட்டிவிட்டதால் அவளுக்கு வேறு வழி இல்லை. ஆனால் அவள் உடம்பு அசையவில்லை. போனைத் தொட நீட்டிய விரலை மட்டும் மெதுவாக இறக்கினாள். கண்கள் என்னையே பார்த்தன. புருவம் சுருங்கியிருக்கவில்லை.

அவளுடைய மைக்கை மட்டும் திறந்தேன். மழைச் சத்தம் முதலில் வந்தது. பிறகு, உதடு அதிகம் அசையாமல் ஒரு குரல். அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். நான் நினைத்திருந்ததைவிடக் கரகரப்பாக இருந்தது.

"எனக்குத் தெரியும்பா. பூச்சி கால் மேல கெடக்குது."

பெயரைச் சொல்லக்கூடாது என்று எங்கள் பக்கம் அதைப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். அந்த நேரத்திலும் அவள் அந்த மரியாதையை விடவில்லை.

"சில்லுனு இருக்குது. அசையல நானு. அப்பா ஏரிய பாக்கப் போயிருக்காரு, வீட்ல யாரும் இல்ல. நீ இன்னாத்துக்கு நிறுத்திட்ட? நிறுத்தாதபா. பேசிக்கினே இரு."

"இன்னா பேசறது?" என்றேன். உண்மையாகவே கேட்டேன்.

"பஸ்ஸ சொல்லு. எது மொதல்ல வருது, எது பின்னால வருதுன்னு சொல்லிக்கினே இரு. சத்தம் நின்னுச்சின்னா நான் கால ஒதறிடுவேன். எனக்கு பயமா இருக்குதுபா."

அவள் பயமாக இருக்கிறது என்று சொன்னதும் என் உடம்பிலிருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போய்விட்டது. அவளாவது பயப்படாமல் இருப்பாள் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன் போல. இனி யாரையும் பிடித்துக்கொள்ள முடியாது. நான் பஸ்ஸை வாசிக்க ஆரம்பித்தேன். உத்திரமேரூர் பஸ். செய்யாறு பஸ், மாகறல் வழி. அரக்கோணம் பஸ். வந்தவாசி பஸ். வேலூர் பஸ், தாமல் வழி. நேரத்தைச் சொல்லி, ஊரைச் சொல்லி, எந்தப் பக்கம் நிற்கும் என்பதைச் சொல்லி. கோயிலில் மந்திரம் சொல்கிறவர்கள்கூட இவ்வளவு பயபக்தியோடு சொல்லியிருக்கமாட்டார்கள்.

அவள் கண்ணை இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பது தெரிந்தது. ஒரு முறை கீழுதட்டைக் கடித்துக் கண்ணை மூடினாள். அது நகர்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்கத் துணிவில்லை. கேட்டால் பதில் சொல்ல மூச்சை இழுப்பாள், மூச்சை இழுத்தால் கால் அசையும். பஸ்ஸை மட்டும் சொன்னேன்.

தோழியிடமிருந்து செய்தி வந்தது. "பஸ்ல அவகூட வர்றவ ஒருத்தி கெடச்சிட்டா. அந்த பஸ் பொண்ணோட அண்ணன் ஏரிக்கரைக்கு ஓடிக்கினு இருக்கான்."

ஏரிக்கரை எவ்வளவு தூரம்? மழையில் எவ்வளவு நேரம் ஆகும்? அவள் ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. தெரு எப்படி, வீட்டுக்கு எத்தனை வாசல், கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, ஒன்றும் தெரியாது. இத்தனை மாதம் தினமும் பழகியதுபோல ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்துக்கு ஆபத்து என்றால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அரிசி டிரம் முன்னால் உட்கார்ந்து பஸ் நேரம் வாசிக்கத்தான் எனக்குத் தெரியும். என் மீதே எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அப்போது அவள் பக்கத்திலிருந்து போன் மணி அடித்தது. ஏதோ சாமிப் பாட்டு, சத்தமாக. அவள் முகம் விலுக்கென்று நிமிர்ந்தது. அதோடு படம் நின்றது, பாட்டும் நின்றது. கட்டம் கறுத்துப்போய், நடுவில் அவள் பெயரின் முதல் எழுத்து மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த அழைப்பு யாருடையது என்பதும், அழைப்பு வந்தால் போனில் படம் தானாக நின்றுவிடும் என்பதும் பிறகுதான் தெரிந்தன. அப்பாவுக்குத் தகவல் போய்விட்டது, வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லத்தான் பஸ் தோழி அழைத்திருக்கிறாள். நல்ல மனதோடுதான் செய்தாள். வேண்டாம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் கண்டது அந்த நிமிர்ந்த முகம்தான். அந்த ஓர் அசைவு போதும் என்று தோன்றியது. முடிந்துவிட்டது என்று தோன்றியது.

ஆனால் நிறுத்தாதே என்று சொல்லியிருக்கிறாள். அவள் அந்தப் பக்கம் இருக்கிறாளா, போன் குழியில் விழுந்துவிட்டதா, என் குரல் அங்கே யாருக்காவது கேட்கிறதா, எதுவும் தெரியாது. கேட்கும் என்று வைத்துக்கொண்டால், அது நிற்கக்கூடாது. பட்டியல் முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அதுவும் முடிந்தது. இறங்குவரிசைக்கு மாற்றி, கடைசி பஸ்ஸிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வாசித்தேன். கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். மற்ற கட்டங்களில் ஒன்றுகூட வெளியே போகவில்லை. அத்தனை பேரும் வாய் பூட்டப்பட்ட நிலையில், தங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமான பஸ் நேரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா காபி டம்ளரோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாடி ஆச்சி?" என்றாள். கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் கிட்டே வந்து என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வேலூர் பஸ், தாமல் வழி. வந்தவாசி பஸ். அரக்கோணம் பஸ். தோழிக்குச் செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. செய்யாறு பஸ், மாகறல் வழி. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தேன். ஒருவேளை இப்போது அவள் தரையில் கிடக்க, என் குரல் பைத்தியம் மாதிரி பஸ் பஸ் என்று அங்கே கத்திக்கொண்டிருக்கிறதோ? அதற்காக நிறுத்த முடியுமா? உத்திரமேரூர் பஸ்.

கறுப்புக் கட்டத்தில் மைக் அடையாளம் பச்சையாக மின்னியது. கரகரவென்று சத்தம். எங்கோ கதவு அடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு, மூச்சு வாங்கும் ஓர் ஆண் குரல்.

"அலோ. யாரும்மா அது, பஸ்ஸு பஸ்ஸுன்னு?"

என்னால் உத்திரமேரூரை விட்டு வெளியே வர முடியவில்லை. அதையே இன்னொரு தடவை சொன்னேன்.

"நிறுத்தும்மா. போதும் நிறுத்து. நான் அவளோட அப்பா பேசறேன். பொண்ணு நல்லா இருக்குது. ஒண்ணும் ஆவல. கொல்லக் கதவத் தொறந்துவிட்டு ஒதுங்கி நின்னேன், பூச்சி அது பாட்டுக்கு ஏறி தோட்டத்துப் பக்கம் போயிட்ச்சி. இவ இங்கதான் என் பக்கத்துல குந்திக்கினு இருக்குறா. கேக்குதா? நல்லா இருக்குறாம்மா."

"கேக்குதுங்க," என்றேன்.

"அப்பறம் இன்னாத்துக்கும்மா நீ இப்படி அழுவுற?"

நான் அழவில்லை, வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். முந்தானை நனைந்துபோனது. கழுத்து, சட்டைக் காலர் எல்லாம் ஈரம். எப்போது தொடங்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

தறிப் பக்கத்திலிருந்து அந்தக் கரகரப்பான குரல் அப்பாவுக்குப் பதில் சொன்னது. மைக் திறந்திருப்பது அவளுக்குத் தெரிந்திருக்காது.

"அவ மொதல்லேர்ந்தே அழுதுக்கினேதாம்பா வகுப்பு எடுத்தா. அவளுக்கே அவ்ளோ பயம். பாவம், நானும் அழுதா அவ ரொம்ப பயந்துக்குவாளேன்னுதான் நான் அழாம குந்திக்கினு இருந்தேன்."